இறங்க மறுத்த மருதாத்தாள்

மழை பொய்த்த எழுபத்தாறாம் வருஷக் கோடையில், வடகரப்பதி குப்பண்ணன் சொந்தங்களையும் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு அணைக்குப் போனான். வறண்ட காட்டுக்கு நடுவே கிடந்த நீரில், கூரை வேய்ந்த பெரிய வள்ளத்தில் இரண்டு நாள் தங்கல். அவன் மனைவி மருதாத்தாளுக்கு அங்கேயும் அடுப்படிதான். ஆக்கிப் போட்டே இடுப்பொடிந்தது. தண்ணீரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வள்ளம் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. பாரம் குறைய எல்லோரும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள்.

“நீயும் எறங்கு புள்ள,” என்றான் குப்பண்ணன்.

“என்னால ஆகாதுங்க. நீங்க தள்ளுங்க.”

அவள் மறுத்துப் பேசி அவன் கேட்டதேயில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். மருதாத்தாள் பாயை விரித்துப் படுத்தாள். வள்ளம் நகர்ந்ததும் கரை சேர்ந்ததும் அவளுக்குத் தெரியாது. எழுப்பப் போன நாத்தனாரை, “தூங்கட்டும், உடு,” என்று குப்பண்ணன் தடுத்தான். அன்று சாயங்காலம் யாருக்கும் காபி கிடைக்கவில்லை.