வசியக்காரனுக்கு முன்னால் நிற்க ஓர் ஆள்

எண்பதுகளின் நடுவில் உத்திரமேரூரில் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். என் பேச்சை யாரும் கேட்டதில்லை. டீ கேட்டால் பியூன் காபி வாங்கி வருவான், அதையும் பாதி சிந்திவிட்டு. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நான் வசியக்காரன் ஆனேன்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் என் நண்பரான இயற்பியல் வாத்தியார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அதற்கான புத்தகத்தை வாங்கி வந்திருந்தார். ஆளுக்கொரு வேஷம். வாத்தியார் கதை சொல்லி அரக்கர்களை எதிரே விடுவார்; நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். புத்தகத்தோடு வந்த பகடைகள் வழியிலேயே தொலைந்துபோனதால் தாயக்கட்டையை உருட்டினோம். பேங்க் கேஷியரும் உரக்கடைக்காரரும் வாள்வீரர்கள். ஆளுக்கு முப்பது புள்ளி. பலம், அறிவு, ஈர்ப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். நான் இருபத்தைந்தை ஈர்ப்பில் கொட்டினேன். பலத்துக்குக் கிடைத்தது ஒன்று. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் என் ஆள் விழுந்துவிடுவான்.

முதல் வாரமே செத்தான். எடுத்தவுடன் அரக்கர் தலைவனுக்கே வசியம் போட்டேன். எதிராளிக்கும் தப்பிக்க ஓர் உருட்டு உண்டு. மனஉறுதி உள்ளவன் சுலபமாகத் தப்பிவிடுவான். தப்பினான், என்னைத் தின்றான். கேஷியர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரோஷத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் ‘வசியம்’ என்று எழுதி ஆராய்ச்சியில் இறங்கினேன். தலைவனை விடு, வாசல் காப்பவனைப் பிடி. ‘உன் அண்ணனைக் கொல்’ என்று கேட்காதே, ‘தூக்கம் வருகிறதே, போய்ப் படு’ என்று கேள். பாதி ஆசை இருப்பதைத்தான் யாரும் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் அடிக்கிற ஆள் ஒருவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மந்திரம் வாயிலேயே நின்றுவிடும். இதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தச் சமயத்தில் சாலவாக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன். பெண்ணின் அப்பா, வழக்கப்படி, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆபீசுக்கு வந்தார். நான் வெளியே போயிருந்தேன். பியூன் வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதை தெரிந்தவனாகி, அவரை என் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறான். மேஜைமேல் நோட்டு இருந்தது.

நான் திரும்பியபோது அவரும் இல்லை, நோட்டும் இல்லை. மறுநாள் தரகர் வந்து, சம்பந்தம் வேண்டாமாம் என்றார். நான் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து பெண் தானாகச் சிரிக்கிறாளாம். காரணம் இப்போதுதான் புரிந்ததாம்.

அடுத்த டவுன் பஸ்சில் ஏறினேன். அவருக்குப் புது மோட்டார் பம்புசெட்டின்மேல் ஆசை அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் விதிப்படியே, போனவுடன் மோட்டாரைப் புகழ்ந்தேன்.

“மோட்டார வுடு தம்பி,” என்றார். “எம்பொண்ணுக்கு இன்னா பண்ணே, அத்த சொல்லு.”

ஆட்டத்தை விளக்கலாம் என்று பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, பெண் நோட்டோடு உள்ளேயிருந்து வந்தாள்.

“நைனா, நான் முச்சூடும் படிச்சிட்டேன். வசியம் தெரிஞ்ச ஆளா இருந்தா முப்பத்திரண்டு வயசு வரிக்கும் பொண்ணு கெடைக்காம, இப்பிடி முழிச்சிக்கினு நிப்பாரா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை, செருப்பு, முகம் மூன்றையும் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. தையில் கல்யாணம் நடந்தது.

மாசியில் ஆட்டத்துக்கு ஐந்தாவது ஆளாக அவளும் வந்தாள். முப்பதில் இருபத்தைந்து புள்ளியைப் பலத்தில் போட்டாள்; கையில் கோடாலி. குகை வாசலில் எங்கே நிற்கிறீர்கள் என்று வாத்தியார் கேட்டார்.

“இவருக்கு முன்னாடி,” என்றாள்.

அதற்குப் பிறகு என் ஆள் ஒரு வாரம்கூடச் சாகவில்லை.