நெடுங்கரை ராஜாவை எண்ணூருக்குக் கூட்டிப்போன ராஜாத்தி

ராயபுரத்தில் ஒரு முட்டை மண்டிக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு அரண்மனை இருந்தது. வாடகை அரண்மனை. கதவில் 'நெடுங்கரை பேலஸ்' என்று பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள். கீழே உடைந்த முட்டையின் வாடை படியேறி வந்து அந்தப் பலகை வரைக்கும் நிற்கும்.

அங்கேதான் ராஜாத்தி வேலைக்குப் போனாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவள். புருஷன் பீம்ராவுக்குத் தண்டையார்பேட்டை குடோன் ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. மகள் ஷாலு கல்லூரியில் படிக்கிறாள். ராஜாத்தி முதலில் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். பிறகு ஏஜென்சி வழியாக வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை.

முதல் நாளே அந்த வீட்டு மருமகள் நளினி சொன்னாள்: "இந்த வீட்டுல ராஜாத்தின்னு கூப்பிட்டா நல்லா இருக்காது. உன்னை ராஜின்னு கூப்பிடறோம்."

அன்று சாயங்காலம் ராஜாத்தி புருஷனிடம் சொன்னாள்: "பேரையே புடுங்கிக்கினாங்கய்யா. அவங்க கைல மிச்சம் கீற ராஜ்ஜியம் அவ்ளோதான் போல."

அவள் பார்த்துக்கொள்ள வேண்டியவர் சுந்தரவிஜய பூபதி. எண்பது தாண்டியவர். நெடுங்கரை ஜமீனின் கடைசி வாரிசு என்று சொல்லிக்கொள்வார். அவருடைய தாத்தா ஊரை உறிஞ்சினார், அப்பா குதிரைப் பந்தயத்தில் தொலைத்தார், இவர் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகன் கீர்த்தி பூபதிக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசமாட்டான். விசிட்டிங் கார்டில் 'இளவரசர்' என்று அச்சடித்திருந்தான்.

பெரியவரிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. வெள்ளைக்காரன் போவதற்குக் கொஞ்சம் முன்னால், இவர் சின்னப் பையனாக இருந்தபோது, ஜமீன் குடும்பமே கடற்காற்று வாங்க எண்ணூருக்கு வந்த கதை. ராணிக்கு நெஞ்சில் கபம், கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ராயபுரம் ஸ்டேஷன் வரை தனிப் பெட்டி. அங்கிருந்து கால்வாயில் படகுகள். சமையல்காரர்களுக்கு ஒரு படகு, பாத்திரத்துக்கு ஒரு படகு, சின்ன துரையான இவருக்குப் பால் வேண்டுமே என்று இரண்டு பசுமாடுகளுக்கு ஒரு படகு.

"கரையில பந்தல். பந்தல்லேர்ந்து தண்ணி வரைக்கும் ரெண்டு பக்கமும் துணித்திரை. இடுப்பளவு ஆழம் வரைக்கும் ஆளுங்க திரையைப் பிடிச்சிட்டு நிப்பானுங்க. அம்மா அதுக்குள்ள போய்க் குளிப்பாங்க" என்பார்.

"அப்போ கடல அவங்க பாக்கவே இல்லியா?"

"ராணி எப்படிப் பார்ப்பா? வெளியே நாலு பேர் இருப்பானே."

இவ்வளவு செலவு செய்து வந்து, நாலு முழத் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள் மகராசி. ராஜாத்திக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

"நாங்க இருந்த ஒரு மாசமும் ஒரு கட்டுமரம் கடல்ல இறங்கலை. உத்தரவு. இறங்கினவனைப் பனைமரத்துல கட்டிப் போட்டாங்க. அவ்வளவு மரியாதை எங்களுக்கு."

"ஒரு மாசம் எறங்கலன்னா இன்னா துன்னாங்க?"

"யாரு?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். ராஜாத்தி அவர் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

இன்னொரு நாள் தானாகவே சொன்னார்: "நான் தண்ணியில பிஸ்கட் போடுவேன். மீனவப் பசங்க குதிச்சு எடுப்பானுங்க. அடிச்சுக்குவானுங்க! அப்படி விளையாட்டு." சொல்லும்போது அவர் முகத்தில் குழந்தைக் களை வந்தது.

இந்த வருஷம் பெரியவரின் பிறந்தநாளுக்கு மகன் ஒரு யோசனை செய்தான். அப்பாவை எண்ணூருக்குக் கூட்டிப்போய், அந்தப் பயணத்தை மறுபடி நடத்திக் காட்டி, வீடியோவாகப் போடுவது. யானைக்கவுனியில் கல்யாண உடுப்பு வாடகைக்கு விடும் கடையில் மூன்று தலைப்பாகையும் ஜரிகைக் கோட்டும் எடுத்துவந்தான். ஜோபின் என்ற வீடியோக்காரனைப் பிடித்தான். ராஜாத்தி கையில் ஒரு வெண்சாமரத்தைக் கொடுத்தாள் நளினி.

"நீ பின்னாடி நின்னு வீசினா போதும், ராஜி."

"நான் அவர பாத்துக்க வந்த ஆளு மேடம். விசிற வந்த ஆளு இல்ல" என்று அதைச் சோபாவில் வைத்துவிட்டாள் ராஜாத்தி.

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். காலையில் நீர் மாத்திரை போட்டிருக்கிறது, டயப்பர் கட்டாமல் வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று. கோட்டுக்கு மேலே புடைத்துத் தெரியும் என்றான் இளவரசன். அரச கம்பீரத்துக்காக டயப்பர் இல்லாமலே வேன் புறப்பட்டது.

காசிமேடு தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. தலைப்பாகைக்குள் பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது. முதலில் நெளிந்தார். பிறகு ராஜாத்தியின் கையைப் பிடித்தார்.

"அடக்க முடியலை."

"சார், அவர எறக்கணும். ஒரு கை புடிங்க" என்றாள் ராஜாத்தி.

கீர்த்தி பூபதி வெளியே எட்டிப் பார்த்தான். கரிப்புழுதி, டீசல் புகை, ஆயில் கலந்த சேறு. தன் காலில் இருந்த ஜரிகைச் செருப்பைப் பார்த்தான். "நீயே பாத்துக்க ராஜி" என்றான்.

அவளே இறக்கினாள். அதற்குள் பாதி கோட்டு நனைந்துவிட்டது. பக்கத்து லாரியின் வடநாட்டு டிரைவரும் கிளீனரும் பார்த்துவிட்டுக் கீழே குதித்து வந்தார்கள். அவள் கொண்டுவந்திருந்த போர்வையை வாங்கி ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மறைத்தார்கள். அவள் பெரியவரை லாரி டயரில் சாய்த்து நிறுத்தி, துடைத்து, பையிலிருந்த வேட்டியைக் கட்டிவிட்டாள்.

அந்த நிலையிலும் பெரியவர் வாய் சும்மா இருக்கவில்லை. "திரை பிடிக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கணும்" என்றார்.

"திருப்பிக்கினுதான் கீறாங்க. யாரும் சொல்லாமயே திருப்பிக்கினாங்க. பேசாம நில்லு" என்றாள் ராஜாத்தி. அவள் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

எண்ணூரில் வேனை விட்டு இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. பெரியவர் தேடிய மணல் அங்கே இல்லை. கடல் அதை எப்போதோ தின்றுவிட்டது. இப்போது கருங்கல் கொட்டிக் கரை போட்டிருக்கிறார்கள். எதிரே புகைபோக்கிகள். கீர்த்திக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. புகைபோக்கி தெரியாத ஒரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த மூலையில்தான் நாலைந்து பெண்கள் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் எந்திரிங்க. ஷூட்டிங்" என்றான்.

அவர்களில் மூத்தவளான தேசம்மாள் நிமிரவில்லை. "எதுக்கு எந்திரிக்கணும்?"

"ராஜா வந்திருக்கார்."

"ராஜாவா? எந்தக் கட்சி?"

ஜோபின் கேமராவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினான். நளினி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பெரியவர்தான் ராஜாத்தியின் தோளைப் பிடித்தபடி முன்னால் வந்து விளக்கம் சொன்னார்: "நாங்க வந்தா உங்க ஆளுங்க கடல்ல இறங்கமாட்டாங்க. அந்தக் காலத்து மரியாதை அப்படி."

"மரியாதைலாம் இல்லக்கா" என்றாள் ராஜாத்தி. "எறங்குனா மரத்துல கட்டி வச்சாங்களாம். ஒரு மாசம். புள்ளைங்க பட்டினி கெடந்துருக்குதுங்க. இவரு தண்ணில பிஸ்கட் போட்டு வெளையாடியிருக்காரு. அதுங்க பசில குதிச்சிருக்குதுங்க. இவரே சொன்னதுதான்."

தேசம்மாள் இப்போது நிமிர்ந்தாள். வேட்டியும் வாடகைத் தலைப்பாகையுமாக நின்ற பெரியவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெசமாவா?"

"அதெல்லாம் காரியஸ்தர் பார்த்துப்பார்" என்றார் பெரியவர். வெட்கம் ஒரு சொட்டுக்கூட அந்த முகத்தில் இல்லை.

தேசம்மாள் பக்கவாட்டில் காறித் துப்பினாள். "அந்தாண்ட போய் எட்துக்கோங்க போட்டோ. நாங்க எந்திரிக்கறதா இல்ல." சொல்லிவிட்டு இறால் பிரிக்கக் குனிந்துவிட்டாள். மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கீர்த்தி ராஜாத்தியிடம் கத்தினான்: "யார் உன்னைப் பேசச் சொன்னது?"

ராஜாத்தி ஈரக் கோட்டு இருந்த பிளாஸ்டிக் பையை அவன் கையில் திணித்தாள். "இத்த நீங்க புடிங்க. அவர நான் புடிச்சிக்கறேன்." பெரியவர் கல்லில் தடுக்கி விழுந்துவிடாமல் அடி அடியாக வேனுக்கு நடத்திப்போனாள். ராயபுரம் போய்ச் சேர்ந்து, குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, படுக்கவைத்த பிறகுதான் ஏஜென்சிக்குப் போன் செய்து வேறு வீடு கேட்டாள்.

ஜோபின் அதற்குள் எடுத்திருந்ததை வைத்தே வீடியோ வந்தது. சோக வீணை, மெதுவாக நகரும் அலை, கடலைப் பார்க்கும் பெரியவர். ஓரத்தில் அவர் முழங்கையைத் தாங்கிய ராஜாத்தியின் கை மட்டும். 'கடற்கரையில் மகாராஜா' என்று எழுதியிருந்தது. கீழே ஷாலு ஒரு வரி போட்டாள்: 'அந்தக் கை எங்கம்மாவோடது. அது இல்லன்னா உங்க மகாராஜா கல்லு மேல விழுந்திருப்பாரு.' உடனே அவளை பிளாக் செய்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் பெரியவர் செத்துப்போனார். ராயபுரமெங்கும் கிரீடம் வைத்த போஸ்டர் ஒட்டினான் மகன். ராஜாத்தி போகவில்லை. "ரெண்டு வருசம் கழுவி உட்டேன். அதுவே போதும்" என்றாள்.

இப்போது திருவொற்றியூரில் பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன, ரிட்டயர்டான கிரேன் டிரைவரைப் பார்த்துக்கொள்கிறாள். சிடுசிடுப்பான மனுஷன். டிவி ரிமோட்டுக்காக இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. நேற்று அவர் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டார். "நீயே பொறுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நல்ல கையால் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார்.