மண் பட்ட கை

பானை வனையும் சக்கரத்தின் முன் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அது மின்சாரச் சக்கரம். வலது காலுக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மெல்ல அழுத்தி, அழுத்தியபடியே விட்டுவிட வேண்டும். எனக்கோ கை ஒருதரம் போய்வந்தால் கால் ஒருதரம் மிதித்தாக வேண்டும். பாவாடை கட்டிய காலத்திலிருந்து தறிக்குழியில் தொங்கி மிதித்த கால் அது. மண்மேல் கையை வைத்து எடுக்கும்போதெல்லாம் ஒரு மிதி விழுந்தது. சக்கரம் திடுக்கென்று பாய்ந்து, மண் என் மூக்குக்கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"ஆன்ட்டி, இது தறி இல்ல. காலைச் சும்மா வெச்சிக்கினு இருங்க" என்றாள், சொல்லிக்கொடுத்த பெண். என் மகளைவிடச் சின்னவள். சென்னையில் கலைக்கல்லூரியில் படித்துவிட்டு, கூரம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். தென்னேரிப் பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்து அவளே பிசைந்து வைப்பாள்.

நானாகத் தேடிப்போன வகுப்பு இல்லை அது. என் பிறந்தநாளுக்கு மகள் தந்த பரிசு. ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள், போனிலேயே பெயரைப் பதிந்துவிட்டு வந்து சொன்னாள். "பொறந்ததுலருந்து பட்டைத் தவிர வேற எதையும் நீ தொட்டதில்லம்மா. உனக்கே உனக்குன்னு ஒன்னு கத்துக்கோ."

ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு மண் விளையாட்டு ஒரு கேடா என்று வீடு முழுக்கக் கேட்கும்படி முணுமுணுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் முதல் ஆளாகக் கிளம்பினேன். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மண்ணை நடுவில் நிறுத்தப் பழகினேன். கட்டைவிரலால் குழி பறிக்கவும் வந்துவிட்டது. சுவர்தான் எழும்பவில்லை. இடது கை விரல்கள் உள்ளே, வலது கை விரல்கள் வெளியே. இரண்டுக்கும் நடுவில் மண் அகப்பட்டு, கைகள் மெதுவாக மேலே போகப்போகச் சுவரும் கூடவே ஏற வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் நான்கு விரற்கடை உயரம் வந்ததும் என் சுவர் ஒரு பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

காரணம் எனக்கே தெரியும். தறியில் தளர்வுதான் பெரிய குற்றம். நூல் தொய்ந்தால் இழு. இன்னும் தொய்ந்தால் இன்னும் இழு. அப்படித்தான் வளர்ந்தேன். மண் கைக்குள் லேசாக ஆட ஆரம்பித்தால் உடனே பிடி இறுகிவிடும். "நீங்க இழுக்குறீங்க ஆன்ட்டி. கையை வெச்சிக்கினு நிதானமா போங்க, அதுவே கூட வரும்" என்று அந்தப் பெண் சொல்லிச் சொல்லி அலுத்தாள். அதுவே கூட வரும் என்று நம்பிக் கையை விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது என்னை மாதிரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதத்தில் முகூர்த்தம். கூரைப்புடவையை நாமே நெய்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். எங்கள் தறியில் இறங்கிய புடவையெல்லாம் அதுவரை ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கோர்வைப் புடவை. கோர்வை என்றால் ஒரு ஆளால் ஆகாது. அவர் நடுவில் உட்கார்ந்து உடலையும் இடது பக்கத்துக் கரையையும் நெய்வார். நான் வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு, ஊடு நூல் சுற்றிய நாடாவைப் போடுவேன். உடலின் நூலும் கரையின் நூலும் வரிக்கு வரி ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட எங்கள் நூல்கள் கோத்துக்கொண்டுதான் இருந்தன.

"பொடவ எறங்கற வரைக்கும் மண்ண விட்டுரும்மா" என்றார். "கை கெட்டுடும்."

அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண் விரலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். காய்ந்த விரலில் சொரசொரப்பு ஏறும். சொரசொரப்பான விரல் பட்டு இழையைத் தொட்டால் இழை மாட்டிக்கொண்டு பிசிறும். சரி, தேங்காய் எண்ணெய் தடவலாமே என்றால், எண்ணெய்க் கையைத் தறியில் நீட்டிக் கட்டிய பாவின் கிட்டேயே கொண்டுபோக முடியாது. கறை விழுந்தால் புடவையே போச்சு. மண் தந்த நோய்க்கு மருந்து உண்டு, அந்த மருந்து பட்டுக்கு ஆகாது. அதனால் வகுப்பை நிறுத்தினேன். கார்த்திகைக் கடைசியில் பாவு ஏற்றி, ஒரு முழம் போல நெய்தும் ஆயிற்று.

அப்போதுதான் அந்தப் பெண் போன் செய்தாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போங்க ஆன்ட்டி. போன தடவை கிட்டத்தட்ட வந்துடுச்சி. விட்டா கை மறந்துடும்."

அவரிடம் கேட்டேன். அவர் தடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். அவர் தடுக்கவில்லை. "போய்ட்டு வா. கையைப் பாத்துக்கோ" என்றார், அவ்வளவுதான். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சுவர் எழும்பியது. எப்படி என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நான் இழுக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். விரல்களுக்கு நடுவில் மண் குளிர்ச்சியாகச் சுற்றிக்கொண்டே மேலே வந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும், ஆடாமல் நின்றது. அந்தப் பெண் கைதட்டினாள். என் வாழ்க்கையில் எனக்கென்று மட்டும் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். தெரியாமல் வந்ததா, தெரிந்து வந்ததா என்று பார்க்க இன்னொன்று போட்டேன். அதுவும் நின்றது. பிறகு இன்னொன்று. அன்று பெரிய பானைகளுக்காக மண்ணில் மணல் கலந்து வைத்திருந்தாள். ஈரத்தில் எரிச்சலே தெரியவில்லை. பொழுது சாய்ந்து, கையைக் கழுவித் துடைத்தபோதுதான் விரல் நுனியெல்லாம் உரசி உரசித் தோல் போயிருந்தது தெரிந்தது. விடிவதற்குள் மார்கழிப் பனி அதை வெடிப்பாக்கிவிட்டது.

கையை அவருக்குக் காட்டாமல் தறியில் உட்கார்ந்தேன். நாலு வரி போட்டிருப்பேன். அரக்கு இழை ஒன்று விரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டு கையோடு வந்தது. விடுவித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி மாட்டியது. கரையில் பொடிப்பொடியாகப் பிசிறு எழுந்து நின்றது.

அவர் நாடாவை வைத்துவிட்டு என் கையை எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எழுந்துரும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

அவர் கூப்பிட்டதும் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், நல்ல கை. "கை ஆறட்டும்க்கா, அப்புறம் நீயே ஒக்காந்துக்கோ" என்று சொன்னாள். அது நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருத்தி போடுகிற இறுக்கம் இன்னொருத்திக்கு வராது. ஒரு புடவைக்குள் கை மாறினால் மாறிய இடத்தில் கரை காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் உள்முனையில் தொடங்கி முந்தானையில் முடிப்பவர்கள். அதனால் நான் நெய்த முழம் இடுப்புக்குள் மறைந்துவிடும். இனி நடுவில் மறுபடி மாற்றினால் எல்லார் கண்ணிலும் படும். காத்திருக்கவும் நாள் இல்லை. தை பிறந்தால் பத்திரிகை வைக்க அவர் ஊர் ஊராக அலைய வேண்டும்.

நான் சமையலறையில் இருந்தபடி தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மகளின் புடவையில், என் கணவருக்குப் பக்கத்தில், என் இடத்தில் இன்னொருத்தி. அவளுக்குக் காபி கொண்டுபோனால் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அவள் அதைக் கவனிக்காத மாதிரி குடித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். என் விரல்கள் பட்டுப் போல ஆறியபோது புடவை பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தான் வாங்கித் தந்த வகுப்பால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லிவைத்தோம். "நான் ஏன்க்கா சொல்லப்போறேன்" என்றாள்.

முகூர்த்தத்தன்று மண்டபத்து அறையில் நான்தான் மகளுக்குப் புடவை கட்டிவிட்டேன். முதல் முனையை, என் ஒரு முழத்தை, பிசிறோடு அவள் இடுப்பில் செருகினேன். சுற்றி வந்த மிச்சப் புடவையெல்லாம் வழவழவென்று என் கைக்குள் ஓடியது. ஒரு இடத்தில்கூடக் குறை இல்லை. எனக்குக் குறை கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது என்பதும் உண்மை.

கூட வேலை பார்க்கும் தோழிகள் புடவையைத் தொட்டுப் பார்த்தார்கள். மகள் பெருமை தாங்காமல் கரையைத் தூக்கிக் காட்டினாள். "ஒடம்பு எங்கப்பா போட்டாரு. இந்தக் கரை மொத்தமும் எங்க அம்மா கை. எவ்ளோ நீட்டா இருக்குது பாருங்க."

அவள் பின்னால் நின்று ஜடைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் பல்லில் கடித்திருந்த கொண்டை ஊசியை எடுத்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னாள். "ஆமாம்மா. உங்கம்மா கை மாதிரி யாருக்கு வரும்."

மகள் என் இரண்டு கையையும் பிடித்து விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அந்த இன்னொருத்தியின் கைகள் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்காத மாதிரி, கொசுவத்தைச் சரிசெய்யக் கீழே குனிந்தேன்.