தம்பி சொன்னால் உண்மை

நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பிப்பவன். உண்மை என்றால் என்ன என்று ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. அங்கே உண்மை வேண்டுமென்றால் என் தம்பியிடம்தான் கேட்பார்கள்.

அவன் கடற்றொழிலாளி, பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தன் கண்ணால் காணாத எதையும் ‘ஆம்’ ஒட்டாமல் சொல்லமாட்டான். “கீரிமீன் வந்திருக்காம்” என்றால் ஆட்கள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். “கீரிமீன் வந்திருக்கு” என்றால் கோப்பையை வைத்துவிட்டு வள்ளத்தைத் தள்ளுவார்கள். நம்பத்தக்க சாட்சி பற்றி நான் ஓர் அத்தியாயம் முழுக்க மல்லுக்கட்டியதை அவன் ஒரு விகுதியில் முடித்துவிடுகிறான். எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் மனைவியின் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவை வாங்கத் தம்பியின் மோட்டார் சைக்கிளில் போனேன். டொக்டர் சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன். திரும்பும் வழியில் நெஞ்சு தாங்காமல் அவனிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், “ஒண்டுமில்லை, சும்மா கொழுப்புக்கட்டி” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “தம்பி, உன்ர அண்ணர் மழுப்புறார். நீ சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்தான். “புற்றுநோயாம், அண்ணி. வெட்டவேணுமாம். நான் நேர கேக்கேல்ல, அண்ணன்தான் சொன்னவர்.”

அவள் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று அவனிடமே கேட்டாள். என் வாயிலிருந்து புறப்பட்ட செய்திதான். அவன் வாய்க்குப் போன பிறகே அவளுக்கு அது உண்மையாகியது. பயந்திருக்கவேண்டிய நேரத்தில் நான் பொறாமைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் டொக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, வேறெங்கும் பரவவில்லை என்றார். தம்பி அன்று கடலில். இந்த ஒன்றாவது எனக்கு மட்டும் சொந்தம் என்று ஒரு சின்னப் புத்திச் சந்தோஷம். அவள் கண் விழிக்கும்வரை கட்டிலருகே நின்றேன்.

“எல்லாம் எடுத்தாச்சு. ஒரு இடமும் பரவேல்ல. டொக்டர் எனக்கு நேர சொன்னவர்.”

அவள் என்னைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தாள்.

“தம்பி கரைக்கு வந்தோடன வரச்சொல்லுங்கோ.”

தாழ்வுபாட்டுக்குப் போய், அவன் வள்ளம் வரும்வரை வெயிலில் நின்றேன். அவள் நம்புவதற்கு, நான் அதை முதலில் அவனிடம் சொல்லவேண்டியிருந்தது.