காதுக்குள் ஒருத்தி

இது லோரெதானாவுக்கு நடந்தது. யாரோ சொல்லி, யாரோ கேட்ட கதை இல்லை. இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். அவள் தலைக்குச் சாயம் போடுவது நான்தான். சாயம் காய்கிற நேரத்தில் பெண்கள் என்னென்னவோ சொல்வார்கள். பாதியை நான் நம்புவதில்லை. லோரெதானா சொன்னதை நம்புகிறேன். சொல்லி முடிக்கும்வரை அவள் எதிரே இருந்த கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அந்தக் கோபுரம் எது என்று மட்டும் சொல்ல மாட்டேன். பிராக் நகரத்தில் கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

அவளும் அவள் கணவன் துல்லியோவும் பேருந்துச் சுற்றுலாவில் போனார்கள். துல்லியோ தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறுபது தாண்டியும் தலைநிறைய முடி. அதில் லோரெதானாவுக்குப் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. பியாசென்சாவில் பேருந்து நின்றபோது ஓர்னெல்லா ஏறினாள். நேப்பிள்ஸ்காரி. கணவனை இழந்தவள். பச்சை மழைக்கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி, வாய் ஓயாத பேச்சு. எல்லையைத் தாண்டுவதற்குள் துல்லியோ அவளுடைய பெட்டியை இரண்டு தடவை மேலே தூக்கி வைத்து, இரண்டு தடவை கீழே இறக்கிக் கொடுத்துவிட்டான்.

"என் பெட்டிய நானே தூக்கினேன்," என்றாள் லோரெதானா.

"உனக்குத் தெம்பு இருக்கு," என்றான் துல்லியோ.

பிராகில் யித்கா என்ற பெண் வழிகாட்டியாக வந்தாள். புத்தகத்தில் படித்ததுபோல் சுத்தமான இத்தாலி மொழி பேசினாள். எல்லார் கழுத்திலும் ஒரு சிறிய பெட்டியை மாட்டிவிட்டாள். அதிலிருந்து ஒரு ஒயர், காதுக்கு. கூட்டத்தில் அவள் எவ்வளவு தள்ளிப் போனாலும் குரல் காதுக்குள் கேட்கும். துல்லியோ மட்டும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"காதுல மாட்டு, துல்லியோ."

"மாட்டிக்கிட்டா? நீ பேசறத நிறுத்திடுவியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓர்னெல்லாவின் சிரிப்புதான் கடைசியில் நின்றது.

அன்று பகலெல்லாம் தூறல். பழைய பாலத்தின் மேல் குடைக்குக் குடை இடித்தது. யித்கா ஒவ்வொரு சிலையாகச் சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், லோரெதானாவின் காதுக்குள் இன்னொரு மூச்சு கேட்டது. மெதுவாக. மிக அருகில். பிறகு ஒரு பெண் குரல்.

"பின்னால பாரு."

திரும்பினாள். துல்லியோ தன் குடையை ஓர்னெல்லாவுக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் தோள் பாதி நனைந்திருந்தது. அதே மழையில் தன் தலை முழுவதும் நனைந்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யாரோ நம் கூட்டத்தில் ஒருத்தி விளையாடுகிறாள் என்று நினைத்தாள். பிறகுதான் ஒன்று தட்டியது. அந்தக் குரல் பேசியது கிரெமோனா பேச்சு. அதுவும் அவள் பிறந்த தெருவின் இழுவையோடு. அந்தப் பேருந்தில் அப்படிப் பேசக்கூடியவர்கள் அவளும் துல்லியோவும் மட்டும்தான்.

மறுநாள் கோட்டைக்குப் போனார்கள். பெரிய தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குரல் மறுபடி வந்தது.

"இங்க இல்ல அவங்க. வெளிய போ. இடது பக்கம் ஒரு சந்து."

போனாள். அங்கேதான் இருந்தார்கள். கம்பியில் சுற்றிச் சுட்ட சர்க்கரை ரொட்டி ஒன்றை ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். துல்லியோவின் மீசையில் சர்க்கரை.

"தனியா ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்றாள் லோரெதானா.

"ரொம்பப் பெருசு, அதான்," என்றாள் ஓர்னெல்லா. "நீங்களும் எடுத்துக்குங்க."

"மிச்சத்தத் தின்னு எனக்குப் பழக்கம் இல்ல."

காதுக்குள் யாரோ சிரித்தார்கள். லோரெதானாவுக்குப் பயம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது என்கிறாள். தன் பக்கம் பேச ஒருத்தி இருக்கிறாள் என்று ஆறுதலாக இருந்ததாம். சாயங்காலம் யித்கா பெட்டிகளைத் திரும்ப வாங்கியபோது, அறையில் மறந்து வைத்துவிட்டேன் என்று லோரெதானா பொய் சொன்னாள். விடுதியின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டினாள். வெறும் இரைச்சல். கழற்றப் போனபோது குரல் வந்தது.

"அவனுக்குப் பின்கழுத்துல ஒரு மச்சம் இருக்கு."

"தெரியும்," என்றாள் லோரெதானா வாய்விட்டு.

"எனக்கு அது பிடிக்கும்."

ஓர்னெல்லா அந்த மச்சத்தைப் பார்த்துவிட்டாள், அதைத்தான் இவள் எனக்குச் சொல்கிறாள்... லோரெதானா அப்படித்தான் புரிந்துகொண்டாள். பொறாமை பிடித்தவளுக்கு எல்லாம் ஒரே பக்கமாகத்தான் கேட்கும். விடியும்வரை அவள் கண் மூடவில்லை.

மூன்றாம் நாள், கோபுரம்.

படிகள் குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். துல்லியோ முன்னால். அவனுக்குப் பின்னால் ஓர்னெல்லா. அப்புறம்தான் லோரெதானா. முன்னால் போன பச்சை மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டு ஏறினாள். மேலே கோபுரத்தைச் சுற்றி ஓடும் கல் மாடம். இடுப்பளவு சுவர். மழை விட்டிருந்தது. கீழே சிவப்பு ஓடுகள், ஈரத்தில் பளபளத்தன. துல்லியோ மாடத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஓர்னெல்லா சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

பக்கத்தில் லோரெதானா.

வேறு யாரும் இல்லை.

"கனமே இல்ல அவ," என்றது குரல்.

லோரெதானாவின் கை எழுந்தது. தானாக எழுந்தது என்று அவள் சொல்லவில்லை. "நான்தான் தூக்கினேன்," என்றாள் என்னிடம்.

"இன்னும் கொஞ்சம்..."

பச்சைக் கோட்டின் ஈரம் உள்ளங்கையில் பட்டது.

"தள்ளு."

அப்போது தன் இடுப்பில் ஏதோ இறுகுவது தெரிந்தது.

குனிந்து பார்த்தாள்.

ஒரு கை. அவளுடைய கோட்டு வாரைப் பிடித்திருந்தது. விரல்களில் மோதிரங்கள்.

ஓர்னெல்லாவின் கை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓர்னெல்லாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு உலர்ந்திருந்தது.

"உங்களுக்கும்... கேக்குதா?"

லோரெதானா தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்கள்.

குரல் நிற்கவில்லை.

அதே குரல்... இன்னும் தெளிவாக... மிக அருகில்...

தலைக்கு மேலே மணி அடித்தது. நான்கு. அதோடு யாரோ அவர்கள் இருவரையும் கோட்டு வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கல்தரையில் விழுந்தார்கள். இழுத்தவள் யித்கா.

படிக்கட்டில் உட்கார்ந்து ஓர்னெல்லா அழுதாள். "என் காதுல நேப்பிள்ஸ் பேச்சு. எங்க அம்மா பேசற மாதிரி. 'அவளுக்கு மட்டும் புருஷன் உசுரோட இருக்கான் பாரு'ன்னு மூணு நாளா அதே. பெட்டி தூக்கறதுக்கு ஒரு கை கெடைச்சா போதும்னுதான் நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினேன். சத்தியமா அவ்வளவுதான். ஆனா நீங்க ரெண்டு பேரும் சண்ட போடறதக்கூட என்னால பாக்க முடியல. எனக்குச் சண்ட போடவும் ஆள் இல்ல."

லோரெதானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துல்லியோ அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக வந்தான். மூன்று நாளில் முதல் முறையாகக் காதில் ஒயர் மாட்டியிருந்தான். முகத்தில் ஒரு புன்னகை.

"என்ன கேட்டுக்கிட்டு இருந்த?" என்றாள் லோரெதானா.

"வழிகாட்டி பேசினதத்தான்."

யித்கா அவனைப் பார்த்தாள். "கோபுரத்துல நான் ஒண்ணுமே பேசலையே," என்றாள்.

மறுநாள் காலை பேருந்து கிளம்பும்போது யித்கா பெண்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நேத்து மேல நான் வந்தப்போ, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்க. ஒரே நேரத்துல. ஒரே குரல்ல."

"நாங்களா?"

"உங்க வாய்தான் அசைஞ்சுது. ஆனா பேசினது எங்க மொழி. இப்ப யாரும் அப்படிப் பேசறதில்ல. ரொம்பப் பழசு."

"என்ன சொன்னோம்?"

யித்கா பேருந்துக்குள் துல்லியோ உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

"'அவன எனக்கு விட்டுடுங்க.' அதையேதான் திரும்பத் திரும்ப."

திரும்பும் வழியில் லோரெதானாவும் ஓர்னெல்லாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். துல்லியோ ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பேருந்தில் ஒரு இடம்கூடக் காலியில்லை. வழியெல்லாம் அவன் நடைபாதைப் பக்கம் முகத்தைத் திருப்பி, சற்று மேலே பார்த்தபடியே வந்தான். கழுத்து வலிக்காதா என்று லோரெதானா கேட்டாள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. குரல் இல்லை. சத்தம் இல்லை. துல்லியோ முன்பைவிட அமைதியானான். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். வயதான காலத்தில் மனிதன் திருந்திவிட்டான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தக் கோபுரத்தையும் மறக்கப் பார்த்தாள்.

போன வாரம் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏப்ரல் மாசம் பிராக் போறதுக்கு உங்க வீட்டுக்காரர் ரெண்டு இடம் போட்டிருக்காரு. அதான் உறுதிபண்ணிக்கலாம்னு."

"நான் வரல," என்றாள் லோரெதானா. "எனக்கு எதுவும் தெரியாது."

"தெரியுங்க. உங்களுக்கு இல்லன்னு அவரே சொன்னாரு. இன்னொருத்தங்களுக்கு. ஜன்னலோரமா வேணும்னு ரொம்பக் கேட்டுக்கிட்டாரு. போன தடவ பிராக்லேருந்து கிரெமோனா வரைக்கும் பாவம், அவங்க நின்னுக்கிட்டேதான் வந்தாங்களாமே."

லோரெதானா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க பேர மட்டும் சொல்ல மறந்துட்டாரு," என்றாள் அந்தப் பெண். "உங்க வீட்டுலதான் இருக்காங்கன்னு சொன்னாரு. கொஞ்சம் போனை அவங்ககிட்ட குடுக்கறீங்களா?"