மாந்தோப்பில் தனியாக ஒரு சுற்று

என் முதல் பிள்ளை பிறந்தபோது அதற்கு உயிரில்லை. எழுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில். ஆண் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்கிறாயா என்று யாரும் கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் முதலமடையில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பால் கட்டிக்கொண்டது. அம்மா மல்லிகைப் பூவை வைத்து மாரைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஐந்தாறு நாளில் வற்றிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வருத்தம் இருந்ததா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. சோறு வைத்தால் தின்றேன், படு என்றால் படுத்தேன். பார்க்க வந்த பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கிறவரை நான் அவர்களுடைய புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கிளார்க்காக இருந்தார். லீவு முடிந்ததும் மலைக்குத் திரும்பிவிட்டார். போகும்போது வாசலில் நின்று, "எப்ப வரோணும்னு தோணுதோ அப்ப வா அம்மிணி" என்றார். நான் தலையாட்டினேன். எதுவும் தோன்றவில்லை.

ஏழாம் மாதம் நான் பிரசவத்துக்காக மலையிலிருந்து வந்தபோது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்திருந்தேன். அதிலிருந்த சின்னச் சட்டைகளையெல்லாம் அம்மா எனக்குத் தெரியாமல் எடுத்து எங்கோ வைத்துவிட்டாள். ஒரு சாமானை மட்டும் விட்டுவைத்திருந்தாள், சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்திருப்பாள். நீல நிற பிளாஸ்டிக் தட்டு. விளிம்பு கீழ்ப்பக்கமாக மடிந்திருக்கும், கையில் வைத்தால் கொஞ்சம் கனக்கும். எஸ்டேட் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பியபோது தன் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பங்குக்கு இது வந்தது. "பொறக்கறதுக்கு ஆகும்" என்று அவர்தான் பெட்டியில் வைத்தார்.

நாற்பது நாள் கழிந்து வெளியே நடக்க விட்டார்கள். அன்று காலை அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்புக்குப் போனேன். எங்காவது தூரப் போட்டுவிடலாம் என்றுதான் போனேன். கோபமெல்லாம் இல்லை. அது வீட்டில் இருக்க வேண்டாம், அவ்வளவுதான். வயிற்றுப் பக்கமாகக் கையை மடக்கி, முறத்தை வீசுகிற மாதிரி வீசினேன்.

அது விழவில்லை. இடுப்பளவு உயரத்தில், சத்தமில்லாமல், மூன்று மரங்களைக் கடந்து போனது. வேகம் குறைந்ததும் இடது பக்கம் சாய்ந்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தது.

எங்கே விழுந்தது என்று பார்க்கப் போனேன். போனவள் குனிந்து எடுத்தேன். எடுத்ததை அங்கிருந்து இன்னொரு மரத்தைப் பார்த்து எறிந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடும்வரை எறிந்துகொண்டிருந்தேன்.

காய்ப்பறிப்பு முடிந்து தோப்பு ஆளில்லாமல் கிடந்த மாதங்கள் அவை. மறுநாளும் போனேன். நாலாம் நாள் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஏங்கண்ணு, பச்சை ஒடம்பு. இந்தக் காத்துல நின்னா என்னத்துக்காகும்?"

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "உடு. நடந்துட்டு வரட்டும்" என்றார்.

"சனம் பார்த்தா என்ன சொல்லும்ங்க?"

"தோப்பு நம்மளுது. பார்க்கறவன் பார்க்கட்டும்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சும்மா எறிவது ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. அதனால் ஒரு சுற்று வைத்துக்கொண்டேன். கிணற்று மோட்டார் ரூமில் தொடங்கி, ஒன்பது மரங்களைத் தொட்டு, மறுபடி மோட்டார் ரூமுக்கே வர வேண்டும். தட்டு அடிமரத்தில் பட்டால்தான் அந்த மரம் முடிந்த கணக்கு. கிளையில் பட்டால் இல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கூழாங்கல்லை முந்தானையில் போட்டுக்கொள்வேன். முதல் சுற்றில் ஐம்பத்தெட்டுக் கல் சேர்ந்தது. முந்தானை தோளை இழுத்தது.

தனியாக ஆடினால் கள்ளாட்டத்தைக் கேட்க ஆளில்லை. வீச்சு தப்பினால், இது கணக்கில் வராது என்று சொல்லிக்கொண்டு மறுபடி எறிவேன். அப்படி ஆடிய நாட்களில் சுற்று முடிந்ததும் ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். இரண்டாம் தடவை எறியலாம், ஆனால் இரண்டில் எது மோசமாக விழுந்ததோ அங்கிருந்துதான் தொடர வேண்டும். அந்தச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் காலை ஊன்றி நிற்கப் பழகினேன்.

கல்லை எண்ணிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நான் நீள வீச்சைத்தான் பழகிக்கொண்டிருந்தேன். அதுதான் பார்க்க நன்றாக இருந்தது. கல் சேர்வதோ மரத்துக்குப் பத்தடி பக்கத்தில். பக்கம் வந்துவிட்டோம் என்று கை தளர்ந்து, தட்டு மரத்தைத் தாண்டிப் போகும். அதனால் ஒரு நாள் முழுக்க ஒரே மரத்தின் முன்னால் நின்றேன். பத்தடியில் இருபது, பதினைந்தடியில் இருபது. இன்னொரு நாள் இடது கை மட்டும். இன்னொரு நாள் ஒன்பதாம் மரத்திலிருந்து தலைகீழாக. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து எறிந்தால் தட்டு மேலே தூக்கிக்கொள்ளும், காற்றோடு எறிந்தால் தரையில் குத்தும். எதிர்க்காற்றுக்கு முன்விளிம்பைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

போட்டிக்கு ஆளில்லாததால் காலையில் ஆடியவளையும் சாயங்காலம் ஆடுகிறவளையும் மோதவிட்டேன். பெரும்பாலும் காலையில் ஆடியவள்தான் ஜெயித்தாள்.

சந்தோஷமாக இருந்ததா? அந்தப் பேச்சுக்கே அப்போது இடமில்லை. அடுத்த மரம் எது, காற்று எந்தப் பக்கம் என்பதைத் தவிர ஒன்றும் நினைவில் இருக்காது. அது எனக்குப் போதுமாக இருந்தது. முப்பத்திநாலு கல்லுக்கு வந்த அன்று ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். முதல் நாளே மலையிறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பஸ் மாறி, கோபாலபுரம் செக்போஸ்டில் ஒரு மணி நேரம் காத்திருந்து வந்தவர், என்னைத் தேடி நேரே தோப்புக்கே வந்துவிட்டார். நான் ஐந்தாம் மரத்தில் இருந்தேன். என் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அது நாங்கொண்டாந்ததுதானே?"

"ஆமாங்க."

"என்ன பண்ற அதை வெச்சு?"

சுற்றைப் பற்றிச் சொன்னேன். மரம், கல், சட்டம் எல்லாவற்றையும். நான் அத்தனை நேரம் பேசுவதைக் கேட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்கும் ஒருக்கா குடு" என்றார்.

மோட்டார் ரூமிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். அவர் வீச்சு எல்லாம் செங்குத்தாக எழும்பி, பின்னாலேயே வந்து விழுந்தது. இரண்டாம் மரத்துக்குள் பதினாலு கல் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். நாலாம் மரத்தில் தட்டு அடிமரத்தில் சரியாகப் பட்டுக் கீழே விழுந்தது. அவர் போய் அதை எடுத்தார். எடுத்துத் துடைத்தார். அங்கேயே வேரில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்தது அவர்தான். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அவர் தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தேன், வைத்தேனா என்று நினைவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மொகம் ஒன்னைய மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

"சரிங்க" என்றேன். பிறகு, "இன்னும் அஞ்சு மரம் இருக்குதுங்க" என்றேன்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். மிச்சம் ஐந்து மரத்தையும் ஆடி முடித்தோம். அவருக்கு எண்பத்தொரு கல். அடுத்த வாரம் அவரோடு மலைக்குப் போனேன்.

எஸ்டேட்டில் சமதரை கிடையாது. தட்டு தேயிலைச் செடிக்குள் போனால் தேட அரை மணி நேரம். ஃபாக்டரிக்குக் கீழே, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் இருந்த சரிவில் ஆறு மரத்துக்கு ஒரு சுற்று வைத்துக்கொண்டேன். மேலிருந்து கீழே எறிந்தால் நினைத்ததற்கு இரண்டு மடங்கு தூரம் போகும். மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை பனி விலகாத நேரம். கொழுந்து பறிக்கப் போகிற வழியில் ஒரு பெண் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"என்னத்தம்மா எறியுதீக?"

"புள்ளைக்குனு கொண்டாந்த வெளையாட்டுச் சாமானுங்க" என்றேன். "புள்ளை தங்கலை."

யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை, உச்சுக்கொட்டவுமில்லை.

"எனக்கு ரெண்டு போச்சு" என்றாள். "மூணாவதுதான் நின்னுச்சு. ஸ்கூலுக்குப் போறான்."

கங்காணி மேலிருந்து குரல் கொடுத்தான். அவள் கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு சரிவில் ஏறிப் போனாள். நான் கீழே இறங்கினேன். தட்டு நாலாம் மரத்துக்கு எட்டடி தள்ளி, ஈரப் புல்லில் கிடந்தது.