பிரஸ் பட்டன் வார்த்தைகள்

அந்தத் தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று, சட்டை தைக்க வந்தவர்கள் முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை ஒருவரை விடாமல் தம்பட்டம் அடித்துவிட்டாள். அதனால்தான் அந்தப் புதன்கிழமை மதியம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகளை எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்காராத பிறவி. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள், சேர்த்துக் காட்டினால் கூரையைப் பார்ப்பாள். "வெள்ளிக்கிழமை நானே வாசிக்க வச்சுப் பார்க்கறேன். வரலைன்னா இதே வகுப்புல இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாத்தனார், "எங்க வீட்டுல யாரும் இப்படி இல்லையே அண்ணி" என்றாள். அன்றிலிருந்து தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

உட்கார வைத்தால்தானே வம்பு, ஓடியே படிக்கட்டும் என்று முடிவு செய்தாள். அட்டைகளில் வார்த்தைகளை எழுதி, ஓரம் பிரியாமல் இருக்க, அட்டைக்கு ஒரு மிச்சத் துணியாகக் கரை கட்டினாள். கடைத் தரையில் பரப்பிவிட்டு, மெஷினை மிதித்துக்கொண்டே "படகு!" என்று கத்துவாள். நண்டு ஒரே தாவாகத் தாவிப் படகின் மேல் நிற்பாள். குண்டூசி பொறுக்கும் காந்தத்தை நூலில் கட்டிக் கொடுத்தால், ஊசி குத்திய அட்டைகளை மீன் பிடிப்பதுபோல் தூக்கி ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஒன்றுகூடத் தப்பாது. தாய்க்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை, இஸ்திரிக்குத் தெளித்த தண்ணீர் பட்டு 'கதவு' அட்டை ஊறிப்போனது. கையில் கிடைத்த வேறு துணியால் கரை கட்டிப் புதிதாக ஒன்று செய்து நீட்டினாள். நண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது புதுசாம்மா? எனக்குத் தெரியாதே."

தையல்காரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிவப்புப் புள்ளித் துணி அட்டையை எடுத்து, அதிலிருந்த 'பழம்' மேல் வெள்ளைத் தாளை ஒட்டி 'கதவு' என்று எழுதிக் காட்டினாள்.

"பழம்!" என்றாள் நண்டு, பெருமையாக.

அவ்வளவுதான். எழுத்தையே பார்க்காமல், தையல்காரி மகள் துணியை வாசித்திருக்கிறாள். தாய் ஆத்திரத்தில் மெஷின் பலகையை ஓங்கி அடித்தாள். நண்டின் உதடு பிதுங்கியது.

"நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லடி தங்கம். அம்மாதான் தப்பா தச்சுட்டேன்."

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வெள்ளை லைனிங் துணியைத் துண்டு துண்டாக வெட்டினாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. துண்டுக்கு ஒரு எழுத்து எழுதி, ஓரங்களில் பிரஸ் பட்டன் தைத்தாள். க, ல். சேர்த்து அமுக்கினால் டிக். கல். 'க'வைப் பிய்த்துவிட்டு 'ப'வை மாட்டினால் டிக். நண்டு வெகுநேரம் முறைத்தாள்.

"பல்... அம்மா, கல்லு பல்லாயிடுச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். தைக்க வாங்கிய துணிகள் அப்படியே கிடக்க, வியாழன் முழுக்க இருவரும் வார்த்தைகளைப் பிய்த்து மாட்டினார்கள். ஆனாலும் பாதி வார்த்தைகளில் நண்டு திணறினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பறைக்கு வெளியே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தையல்காரி. டீச்சர் முதல் அட்டையை நீட்டினார். நண்டு அதன் ஓரத்தைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் நண்டின் விரல் நகர்ந்தது, நாக்கு மெல்லச் சொடுக்கியது. "ம... டிக்... ர... டிக்... ம். மரம்." அடுத்ததும் வந்தது. பிறகு இரண்டு வரவே இல்லை. ஒன்று பாதியில் நின்றது.

டீச்சர் வெளியே வந்தார். "சிலது வருது, சிலது வரல. யோசிச்சு சொல்றேன்."

யோசிச்சு என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? தையல்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கண் கலங்கியதில் எதிரே எதுவும் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினாள்.

நண்டு அண்ணாந்து கதவைப் பார்த்தாள். "இ... டிக்... ழு. அம்மா, இழுன்னு போட்டிருக்கு."

பின்னாலேயே வந்த டீச்சர் நின்றுவிட்டார்.

"இந்த வார்த்தையை வீட்டுல சொல்லிக் குடுத்தீங்களா?"

தையல்காரி இல்லையென்று தலையாட்டினாள்.

"சரி, மேல் வகுப்புக்கே போகட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் டீச்சர்.

தையல்காரி இன்னும் கதவைத் தள்ளிக்கொண்டேதான் நின்றாள்.

"இழும்மா" என்றாள் நண்டு.